வளைத்துக் காட்டிய லென்ஸ்

அன்றைக்கு ஜூ டவுன் பழைய காமிராக் கடையில் சேட்டன் இருந்தார். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். பெரிய மரக் காமிரா வாங்க வந்திருந்தாள். நான் இருந்தேன்; சாமான் துடைப்பதும் சுமப்பதும் என் வேலை. எதிரே, மசாலாக் கிடங்கின் உயரச் சுவர் நிழலில், என் அக்கா மற்ற பெண்களோடு சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சேட்டன் கடை முதலாளி. பாதி தமிழ், பாதி மலையாளம் பேசுவார். அந்தப் பெண்ணுக்கு இதுதான் முதல் பெரிய காமிரா. கையில் காசும் கொஞ்சம்தான். விலை குறைந்த லென்ஸ் மூன்றைத் துணி விரித்து வைத்தார். "மோளே, கண்ணாடியில சின்னக் கீறல் சாரமில்ல, பரவாயில்ல. பூஞ்சை உண்டெங்கில் தொடண்டா. ஷட்டர் சத்தம் கேளு" என்றார். ஒன்றின் வெளிச்சம் மூலை வரை எட்டவில்லை. படத்தின் நாலு மூலையும் இருட்டும். ஒன்றின் ஷட்டர் இழுத்து இழுத்து மூடியது. மூன்றாவதில் ஒரு சின்னக் கீறல் மட்டும்தான். அதுதான் தேறும் என்றார்.

காமிராவை வாசலில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமமாக்கினார். அதன் பின்புறக் கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். கண்ணாடியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். லென்ஸ் நல்லதா என்று பார்க்க, கிடங்குச் சுவரின் விளிம்பை ஒரு கோட்டோடு ஒட்டவைப்பது அவர் வழக்கம். ஒட்டி நின்றால் நல்லது. வளைந்தால் மோசம். அன்றைக்கு மூன்றுமே வளைத்துக் காட்டின. "சேட்டா, விலை குறைஞ்சா சுவரும் கோணுமா?" என்று சிரித்துவிட்டு அவள் வாங்காமல் போய்விட்டாள்.

சேட்டனுக்கு ஆறவில்லை. அந்தக் கீறல் விழுந்த லென்ஸைப் பக்கத்துக் கடையின் கதவு நிலைக்குத் திருப்பினார். நேராக நின்றது. அந்த வருஷம் மோசம் என்று ஒதுக்கிய லென்ஸ்கள் ஒரு டிராயர் நிறையக் கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். எல்லாமே கதவு நிலையை நேராகக் காட்டின. சுவரை மட்டும் நடுவில் வயிறு தள்ளிக் காட்டின. வெளிச்சம் படாமல் பார்க்கப் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணியை அவர் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. உள்ளே இருந்தபடி, "நின்டெ சேச்சி எவிடெயா இருக்கா?" என்று கேட்டார். அக்கா சுவரடியில்தான் என்றேன்.

அப்போதே கிடங்கு மேனேஜரிடம் போய், சுவரே வயிறு தள்ளுகிறது என்றார். நானும் போனேன். "சேட்டா, உங்க பெட்டியில மனுஷனே தலைகீழாத்தான் நிக்கான். அதை நம்பி நான் சுவரை இடிக்கணுமா?" என்றார் மேனேஜர். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தள்ளி உட்காரச் சொன்னேன். "ஏலே, வெயில்ல ஒக்காந்து பொறுக்கினா நாங்களும் சுக்காத்தான் ஆவோம். போ, ஒன் சோலியப் பாரு" என்றாள். முற்றத்தில் வேறு நிழல் கிடையாது. அது எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அந்தக் காமிராவை சேட்டன் விற்கவில்லை. ஒவ்வொரு மழைக்கு முன்னும், பின்னும் அதே இடத்தில் நிறுத்திப் பார்ப்பார். முதலில் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நூல் அளவுதான் இருந்தது. பார்த்த அன்றைக்கெல்லாம் சாயாவை ஆறவிட்டுவிடுவார். ஒவ்வொரு தடவையும் மேனேஜரிடம் போய்ச் சொல்வார். அங்கே அவருக்கு 'தலைகீழ்ச் சேட்டன்' என்றே பேர் விழுந்துவிட்டது. போன வருஷம் நெஞ்சுவலியில் இறந்துபோனார். கடையை இப்போது அவர் மகன் பார்க்கிறான். காமிராவைத் தொடவேண்டாம் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று காலை மழை விட்டது. நானே காமிராவை நிறுத்தினேன். கீறல் விழுந்த லென்ஸைத்தான் மாட்டினேன். சுவர் இப்போது கோட்டைவிட்டுக் கால் கட்டம் வெளியே வந்திருக்கிறது. அக்காவைக் கடைக்குள் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று கையை ஆட்டினாள். திரும்பவும் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் சுவர் கீழே இருந்தது, அக்காவும் மற்ற பெண்களும் மேலே இருந்தார்கள். குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன்.

ஒன்பது பேர்.