மெழுகுவர்த்தியும் ஹீரோவின் ஷூவும்

இன்று சாயங்காலம் மாமல்லபுரத்தில், வழக்கமான பெட்டிக்கடையில் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினேன்.

கடைக்கார அண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இன்னாபா, வாரா வாரம் மெழுவத்தி வாங்கினு போற? உன் வூட்ல கரண்ட்டே கெடையாதா?"

"சர்ஃபிங் பலகை மேல தேய்க்கறதுக்குண்ணே. இல்லன்னா கால் வழுக்கும்."

கடை டிவியில் ஒரு சினிமாப் பாட்டு. ஹீரோ ஷூ போட்டுக்கொண்டு, முடிகூட நனையாமல், முதல் அலையிலேயே பலகைமேல் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு வழுக்கலயே!" என்றார் அண்ணன்.

"அவரு நிக்கறது ஸ்டூடியோலண்ணே. நான் ஆறு மாசமா விடியகாலைல கடல்ல வுழுந்துகினே கீறேன். நேத்துதான் மொத தடவ எழுந்து நின்னேன்."

"எம்மா நேரம் நின்ன?"

"ஒரு தும்மல் போடற நேரம்."

அண்ணன் சிரித்து முடிப்பதற்குள் கரண்ட் போனது. அலைமேல் ஆடிக்கொண்டிருந்த ஹீரோ அப்படியே காணாமல் போனார்.

"பாத்தீங்களா, அவரும் வுழுந்துட்டாரு!" என்றேன்.

அண்ணன் என் கையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியைப் பிடுங்கி ஏற்றிவைத்தார். கடையில் இருந்ததே அந்த இரண்டுதானாம்.

மிச்சமுள்ள ஒன்று பாதிப் பலகைக்குத்தான் வரும். நாளைக் காலையில் நான் எந்தக் காலில் நிற்பது, வலதா இடதா? நீங்களே சொல்லுங்கள்.