மலர்க்கொடி அக்காவின் லாகின்

மலர்க்கொடி அக்கா இறந்துவிட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது... இன்னும் கை ஓடவில்லை.

2004. அரியலூரில் ஒரு சின்ன ஆபீஸ், டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்தான் வேலை. நாங்கள் புதிதாக எதையாவது மாற்றினால் பழையது கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுகள், தினமும் ஒரு மணிக்குத் தானாக ஓடும். அந்த நேரத்தில் எல்லோரும் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவோம்.

அக்கா மட்டும் போகமாட்டார். உடையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், சீட்டிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பார்.

ஒரு வாரமாக டெஸ்ட் பாதியில் கிராஷ். யார் என்ன செய்தார்கள் என்று பதிவாகும் லாக் ஃபைலைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் ஒரு டேபிளை அழித்தது அக்காவின் லாகின்!

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. அவர் கைகழுவப் போன நேரம் பார்த்து கீபோர்டில் விபூதி தூவிவிட்டுக் கிளம்பினேன். கை பட்டால் தெரியுமே...

திரும்பி வந்தால் தூவியது தூவியபடி, டெஸ்ட்டோ அன்றும் கிராஷ். "என்ன தம்பி, ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்குதே?" என்று சிரித்தார்.

அப்போதாவது விட்டேனா? வேறு மெஷினிலிருந்து செய்கிறார் என்று நானே முடிவு கட்டி, மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தேன்.

அக்காவின் லாகினை நிறுத்தினார்கள். "இனிமே மத்தியானம் ஆபீஸைப் பூட்டிடுவோம்மா" என்றார் மேனேஜர். அக்கா டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அன்றும் டெஸ்ட் நின்றது. அக்காவின் லாகின் செல்லாது என்று லாக் ஃபைலில் இருந்தது. பூட்டிய ஆபீஸில் அக்கா பெயரில் நுழைந்தது யார்?

நான் எழுதிய புது டெஸ்ட். அக்கா முன்பு எழுதிய டெஸ்ட் ஸ்கிரிப்ட்டைக் காப்பியடித்து எழுதியது, லாகினை மாற்ற மறந்திருக்கிறேன். இன்னொரு டெஸ்ட் படித்துக்கொண்டிருந்த டேபிளை அழித்ததும் அதுதான்.

சத்தமில்லாமல் திருத்தினேன். "சரியாயிடுச்சு சார்" என்றேன், அவ்வளவுதான். ஆபீஸில் பாதிப் பேருக்கு அக்கா மேல் இருந்த சந்தேகம் போகவே இல்லை.

அக்கா ஒருநாள் கேட்டார். "யாரு பண்ணதுன்னு கண்டுபுடிச்சிட்டீங்களா தம்பி?"

"யாருமில்லக்கா, மெஷின் கோளாறு."

"மெஷினா... சரி. நல்ல மெஷின்."

அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இன்றுவரை சந்தேகம். லாகினைத் திருப்பிக் கொடுத்தார்கள், மத்தியானம் உள்ளேயே இருங்கள் என்றார்கள். வேலையை விடும்வரை பஸ் ஸ்டாண்டில்தான் சாப்பிட்டார்.

பழைய ஆபீஸ்காரர்கள் இதைப் படிப்பீர்கள். அது அக்கா இல்லை. நான்.

மன்னிச்சிடுங்கக்கா... போயிட்டு வாங்க.