முகம் போடாமல் வரமாட்டேன்

என் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஒரு காலத்தில் பெரிய நடிகை. இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஆனாலும் முகம் போடாமல் வாசற்படி தாண்டமாட்டார். ‘முகம் போடுவது’ என்பது அவருடைய பேச்சு. மேக்கப் என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. கிளினிக்குக்குப் போவதென்றாலும் சரி, முன் கடையில் தேங்காய் வாங்குவதென்றாலும் சரி, அலுமாரியிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். நான் பள்ளிக்கூட டீச்சர். ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரு பார்வையில் வரிசையில் நிறுத்துவேன். இவரை ஒரு பஸ்ஸுக்கு நேரத்தோடு கிளப்ப என்னால் முடிந்ததே இல்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மலை சரிந்து இறங்கிய அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

மலைநாட்டில், அம்பிட்டியவில் எங்கள் வீடு ஒரு மேட்டின் அடியில் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். நாள்கணக்காக விடாத மழை. கரண்ட் இல்லை, போன் இல்லை. அன்று காலை கிணற்றுத் தண்ணீர் தேயிலைச் சாயம் போலக் கலங்கி வந்தது. சமைக்கிற குசினிச் சுவரில் முந்தாநாள் மயிர்க்கோடாக இருந்த வெடிப்பில் என் சுண்டுவிரல் போனது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார்கள்: மேட்டடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் உடனே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகவும்.

நான் ஓடிப்போய் அறையைப் பார்த்தால், கதிரை கண்ணாடிக்கு முன்னால் வந்துவிட்டது. டப்பாவும் திறந்தாயிற்று.

“பெரியம்மா, மண் சரியப் போகுதாம். எந்திரிங்க.”

“காது கேட்டுச்சு. முகத்தப் போட்டுட்டு வாறேன்.”

“அங்க யாரு உங்க முகத்தப் பாக்கப் போறா?”

“எல்லாரும் பாப்பாங்க. முகம் போடாம வரமாட்டேன். நீ வேணும்னா போ.”

போ என்கிறார். எங்கே போவது? தூக்கிக்கொண்டு போகலாமென்றால் கட்டிலில் இருந்து அவரை எழுப்பவே என் இடுப்பு விட்டுப்போகும். கோபத்தில் பல்லைக் கடித்தேன். கோபம் பாதி, பயம் பாதி. உண்மையைச் சொன்னால் முக்கால்வாசிப் பயம்தான்.

கீழ் வீட்டு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், தன் த்ரீவீல் ஆட்டோவைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி ஹார்ன் அடித்தார். தன் மனைவி பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு எங்களுக்காகத் திரும்பி வந்திருந்தார். “என்ன டீச்சர், இன்னமும் உள்ளுக்கா ஈக்கிறீங்க? மேல ரோட்டு வெடிச்சி ஈக்கி. சுணங்க ஏலாது.”

“இந்தா வாறோம் நானா” என்றேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மஹய்யாவயில் மாநகரசபைத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் பெரியம்மா. கோயில் திருவிழா நாடகத்தில் அவரைப் பார்த்த யாரோ கொழும்புக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து மெட்ராஸ் ஸ்டூடியோக்கள். சிங்களப் படங்கள் அப்போது அங்கேதான் அதிகம் எடுத்தார்கள். அவருக்குச் சிங்களப் பெயர் ஒன்றும் வைத்தார்கள். ஊர் முழுக்க அந்தப் பெயர்தான் பழகியது. புருஷன் விட்டுப்போன பெண், பிள்ளையை இழந்த தாய், எல்லாம் வாய் திறக்காத பாத்திரங்கள். அவர் சொல்லாமல் அவர் முகத்தில் ஒரு நரம்பு அசையாது. ஒருமுறை குளோசப் எடுக்கும்போது லைட்டைச் சுற்றிய விட்டில் ஒன்று அவர் கன்னத்தில் வந்து உட்கார்ந்ததாம். இமைக்கவில்லை. அந்த விட்டிலோடுதான் படம் வெளியானது. இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்.

பிறகு அந்த ஜூலை வந்தது, தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த எண்பத்து மூன்றாம் வருஷத்து ஜூலை. பகல் நேரம், பெரியம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருந்தார். அவரை நைட்டியோடு பின்மதில் தாண்டவைத்துக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம். நாங்கள் போய்ச் சேர்ந்த அகதி முகாமும் ஒரு பள்ளிக்கூட மண்டபம்தான். நான் சின்னப் பிள்ளை, அவர் பக்கத்தில் இருந்தேன். எண்ணெய் வழிந்த முகத்தோடு அவர் உட்கார்ந்திருக்க, சனம் வந்து குனிந்து பார்த்தது. “இவதானா அது? படத்துல அம்புட்டு அழகா இருப்பாளே” என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரித்தாள். வீடு எரிந்தபோது அழாதவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முகாமை விட்டு வெளியேறும் வரை திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு படமும் இல்லை, வெறும் முகத்தோடு வெளியே வந்ததும் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மேட்டிலிருந்து மண்கட்டிகள் கூரைத் தகரத்தில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பெரியம்மா பவுடரை ஒற்றி முடித்து, இடது புருவத்தை வரைந்துகொண்டிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார். இந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் சாகப்போகிறோம் என்று நினைத்தேன். நினைத்ததை அழுதுகொண்டே சொல்லியும்விட்டேன்.

வலது புருவத்துக்குக் கொண்டுபோன பென்சில் பாதியில் நின்றது. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தை அல்ல, பின்னால் இருந்த ஜன்னல் தெரிகிற மூலையை.

“அந்தப் பலாமரம்” என்றார்.

“என்ன பலாமரம்?”

“ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்கிற மரம். இப்ப அந்தப் பக்கம் நிக்கிது.”

நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். மழை, சேறு, மேட்டில் ஒரு பலாமரம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அவர் வருடக்கணக்காகத் தினமும் அதே கதிரையில் அதே இடத்தில் உட்கார்ந்து அதே கண்ணாடியைப் பார்த்தவர். ஸ்டூடியோவில் தனக்குப் பின்னால் ஒரு பூச்சாடி நகர்ந்திருந்தாலும் சொல்லிவிடுவாராம். அந்தப் பழக்கம் போகவில்லை.

“மரம் நடக்காதுடி. மண்ணு நடக்குது. வா” என்று பென்சிலை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்தார்.

எழுந்தவர் நிற்கவில்லை. குடை எடுக்கவில்லை, செருப்புப் போடவில்லை. வாசற்படியை ஒற்றைப் புருவத்தோடு தாண்டினார். என் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். த்ரீவீல் முதல் வளைவைத் திரும்பும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இடி என்றுதான் முதலில் நினைத்தேன். இடி கொஞ்சத்தில் நின்றுவிடும், இது நிற்கவில்லை. நானா வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபம் நிறையச் சனம். ஈரப் பாய், அழுகிற குழந்தைகள், பருப்பு வேகிற மணம். சுவரோரம் ஒரு இடம் கண்டுபிடித்து உட்கார்ந்த பிறகுதான் என் மடியில் இருந்ததைப் பார்த்தேன். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருந்து எல்லாம் போட்டுக் கட்டிவைத்த பை இல்லை. தகர டப்பா இருந்தது. எனக்கு என்னை அறையலாம் போல இருந்தது.

மேட்டுப் பக்கம் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு நானா தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்தார். எங்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். “டீச்சர், உங்கட ஊட்டுப் பின்பக்கம் இல்ல. கண்ணாடி வச்ச ரூம், குசினி எல்லாம் மண்ணுக்குள்ள.”

சுற்றி இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் புருவம் இருக்கிற, மறுபக்கம் இல்லாத, மழையில் பவுடர் கோடு கோடாக வழிந்த ஒரு கிழவியைப் பார்த்தார்கள். பெரியம்மா இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்புவார் என்று பயந்து, மறைக்கிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் திரும்பவில்லை. டப்பாவைத் திறந்து பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். “கண்ணாடி இல்ல. நீயே போட்டுவிடு.”

அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு பென்சிலை வைத்தேன். கோடு வளைந்து ஓடியது. முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். திரும்பவும் வளைந்தது.

“கை நடுங்குதாடி?” என்றார்.

“ஆமா பெரியம்மா. பயத்துல நடுங்குது” என்றேன்.

என் கை நடுங்கவில்லை. விட்டில் உட்கார்ந்தும் அசையாத அந்த முகம்தான், என் விரல்களுக்குள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.