ஆலப்பாக்கத்தில் ஏறும் பதினாறாம் லூயி

காத்தவராயனுக்கு அறுபத்து நான்கு வயது. கடலூர்–சிதம்பரம் தடத்தில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டர். அவர் விசிலுக்கு வண்டி ஓட்டியவன் நான், தட்சிணாமூர்த்தி. எந்த வருடம் எந்தக் கல்யாண கோஷ்டி எங்கே ஏறியது என்று இன்றும் சொல்வார். காலையில் படித்த பாடம் மட்டும் மத்தியானச் சாப்பாட்டோடு செரித்துவிடும்.

ஓய்வுக்குப் பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். துணைக்கு என்னையும் இழுத்துவிட்டார். நான் புத்தகத்தைத் திறந்ததேயில்லை. அவருக்கு உலக வரலாறு மட்டும் மூன்று தடவை காலை வாரிவிட்டது.

"இந்தத் தடவையும் போனா மண்ட அவ்ளோதான்னு ஒத்துக்கிட்டு புத்தகத்த எடைக்குப் போட்டுடறேன் மச்சான்" என்றார். சொல்லும்போது முகம் தொங்கிப்போயிருந்தது.

அப்புறம்தான் அந்தக் கூத்து. புதுப் பாடத்தைப் பழைய தடத்தில் ஏற்றிவிட்டார். ஆலப்பாக்கத்தில் பதினாறாம் லூயி ஏறுவார், புதுச்சத்திரத்தில் பாஸ்டில் சிறை உடையும், பி.முட்லூரில் நெப்போலியன் படியில் தொங்குவார். தினமும் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இதைக் கூவிக்கொண்டே நடப்பார். நான் சுண்டல் தின்றபடி கூடவே நடப்பேன்.

சிதம்பரத்தில் எங்கள் இருவருக்கும் தேர்வு. பிரெஞ்சுப் புரட்சியே வந்திருந்தது. மனிதர் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "ஆலப்பாக்கம் எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். ஹாலே சிரித்தது. அடுத்து அவர் "போலாம் ரைட்" என்றதும் என் வலது கால் தானாக முன் பெஞ்சை மிதித்தது.

மேற்பார்வைக்கு நின்ற ரேகா மேடம் வந்தார். "இன்னொரு சத்தம் வந்தா பேப்பர வாங்கிடுவேன் சார்."

"சத்தம் போட்டாத்தாம்மா ஞாபகம் வருது." அவர் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தூக்கினார். "பாத்ரூம் போயிட்டு வரட்டுங்களா?"

போன ஒரு நிமிடத்தில் வராந்தாக் கோடியிலிருந்து கடலூர் முதல் சிதம்பரம் வரை மொத்த நிறுத்தமும் ஒலித்தது. மேடம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பாத்ரூம் போய் வந்தவர் தலை நிமிராமல் எழுதினார். கூடுதல் தாள் வேறு வாங்கினார்.

முடிவு வந்தது. நாற்பத்திரண்டு, பாஸ். நடுரோட்டில் அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு என் மதிப்பெண்ணைப் பார்த்தார். ஐம்பத்தொன்று.

"நீ படிக்கவே இல்லியே?"

"நீ கூவுனத கேட்டுக்கிட்டே வந்தேனே மச்சான்."

மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் காலையிலேயே வந்து நின்றார்.

"எம்.ஏ.க்கு அப்ளிகேஷன் வாங்கிட்டேன். இனிமே காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு என் கூட வா."