சேரப்பணஞ்சேரி வணக்கம்

"...பிரேக் புடிச்சா ஊர் நாயெல்லாம் எழுந்துக்கும் போல கீது. கதவு கீல் மாதிரி இதுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டாத்தான் வாய மூடும்" என்று சொல்லிவிட்டு மாமா குளிக்கப் போனார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மண்ணூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி, கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். அன்று சேரப்பணஞ்சேரியில் அவருக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது இடத்திலும் பஸ்ஸில் போய் இறங்கினால் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள் என்று, முந்தின வாரம்தான் கூட வேலை செய்கிறவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தார். நாலு கை மாறிய வண்டி. முன் பிரேக் பேருக்கு இருந்தது. பின் பிரேக் நன்றாகப் பிடிக்கும். பிடிக்கும்போதெல்லாம் ஆட்டுக்குட்டியை மிதித்த மாதிரி கத்தும்.

எனக்கு எட்டு வயது. மாமா கேட்டதைச் செய்வேன், கேட்காததையும் செய்வேன். அம்மா கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சி வைத்திருந்த பச்சை எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பின்சக்கரத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் ஒரு தலைக்கே அம்மா ஒரு கை ஊற்றுவாள். இத்தனை பெரிய சக்கரத்துக்கு ரெண்டு சொட்டு என்றால் மாமா சிக்கனம் பார்க்கிறார் என்று பட்டது. சத்தம் வருகிற பிரேக் உருளையின் இடுக்கில் அரை பாட்டிலைக் கவிழ்த்தேன்.

அம்மாவும் மற்றவர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். ஷாம்பூ போட்டு அலைஅலையாகக் காயவைத்த முடியோடு மாமா வண்டியை எடுத்தார். பின்னால் நான். ஒரகடம் தாண்டும்வரை லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்ததால் பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. லேசாகத் தொட்டபோதும் சத்தம் வரவில்லை. "பாத்தியா பாப்பா, நல்ல காரியத்துக்குப் போறோம்னு வண்டிக்கே தெரிஞ்சிபோச்சி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. எல்லாரும் இருக்கும்போது சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று வைத்திருந்தேன்.

பெண் வீடு ஏரிக்கரைச் சரிவின் அடியில் இருந்தது. மாப்பிள்ளையை வரவேற்க வாசலில் இரண்டு வீட்டாரும் வரிசையாக நின்றார்கள். மாமா பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். சோற்றுக்குள் கால் வைத்த மாதிரி அது இறங்கியதே தவிர வண்டி நிற்கவில்லை. இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்தார். செருப்புதான் போனது. வாசல் வந்தது. மரியாதை குறையக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையை நெஞ்சுக்கு உயர்த்தி எல்லாருக்கும் வணக்கம் வைத்தார். நான் இரண்டு கையாலும் வைத்தேன். அப்படியே வாசலைக் கடந்து போய்விட்டோம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வந்த காலோடு கிளம்பினால் 'சேரப்பணஞ்சேரி வணக்கம்' என்றுதான் சொல்வார்கள்.

கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட யாரோ அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கொட்டியிருந்த மணலில் போய்ப் புதைந்து வண்டி நின்றது. கீறல் இல்லை. மாமாவின் ஷாம்பூ முடியெல்லாம் மணல்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு திரும்பினால் வாசலில் பேச்சு முற்றியிருந்தது. பெண்ணின் பெரியப்பா, "இன்னாபா, வூட்டப் பாத்ததும் வேணாம்னு பூட்டியா?" என்று கேட்டார். பிரேக் இல்லை என்று மாமா சொன்னதை அவர் நம்பவில்லை. வரும் வழியெல்லாம் இருந்த பிரேக் எங்கள் வாசலில் மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்றார். அம்மாவின் முகம் செத்துவிட்டது. மூன்றாவது இடமும் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

அப்போது பெண்ணே வெளியில் வந்தார். காபித் தட்டு இல்லை, தலை குனியவும் இல்லை. பக்கத்துக் கம்பெனியில், வண்டிகளுக்குப் பிரேக் ஷூ செய்கிற லைனில் அவருக்கு வேலை. பட்டுப்புடவையை முழங்காலில் சொருகிக்கொண்டு பின்சக்கரத்தருகே குந்தினார். உருளையில் வழிந்திருந்ததை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"பிரேக் நெஜமாவே இல்ல பெரிப்பா" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "கரிசலாங்கண்ணி எண்ணெ. யாரு இதுக்குத் தல வாரிவுட்டது?" என்று கேட்டார்.

பாராட்டு வாங்க இதுதான் நேரம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"நான்தாங்க" என்றார் மாமா. "சத்தம் வருதுன்னு வுட்டேன்."

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். என் பெருமையை மாமா பறித்துக்கொண்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அக்கா மட்டும் உடனே சிரிக்கவில்லை. மாமாவின் வறண்ட முடியைப் பார்த்தார், பிறகு என் தோளில் முன்பக்கமாகக் கிடந்த, பச்சை எண்ணெய் மினுங்கும் ஜடையைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரித்தார். என் அத்தையாக அவர் மண்ணூருக்கு வந்தது அந்தச் சிரிப்பிலிருந்துதான் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜடை கலைந்திருக்கிறது போல, மாமா சரிசெய்கிறார் என்பதுதான். மணல் ஒட்டிய கையால் அவர் அதை மெல்ல எடுத்து, என் முதுகுக்குப் பின்னால் போட்டார்.