எழுநூற்று நாற்பதா, இருபதா?

இன்று திருநெல்வேலியில் எனக்கு எலும்பு ஸ்கேன். ஊசி போட்ட நர்ஸ், "இன்னைக்குப் பூரா மாசமா இருக்கவங்க பக்கத்துல இருக்காதீங்கம்மா" என்றாள். சீட்டில் மருந்தின் கதிரியக்க அளவு 740 மெகாபெக்கெரல் என்று எழுதியிருந்தது.

திரும்பும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டேன். ஆலங்குளத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினாள்.

"ஆச்சி, இங்கன ஆள் வருதா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "வரல. என் உடம்புல கதிரியக்க மருந்து ஏத்தியிருக்கு. எழுநூத்தி நாப்பது. நீ தள்ளியே நில்லும்மா."

முன் இருக்கைக்காரர் எழுந்து பின்னால் போனார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், பிணத்தைப் பார்ப்பதுபோல.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பழைய மில்லிகியூரி கணக்குல வெறும் இருபதுதான். முப்பத்தேழால வகுத்துப் பாருங்க."

"இருபதுதானா! சும்மா பயங்காட்டுதீகளே ஆச்சி!" அந்தப் பெண் சிரித்தபடி பையை நகர்த்திவிட்டு, என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். என் கணவர் போனபிறகு யாரும் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை.

குறைந்தது எண் மட்டும்தான். மருந்து அப்படியே இருந்தது. சட்டென எழுந்து, தென்காசி வரை பின்படியருகே நின்றே வந்தேன்.

இப்போது வீட்டில் தனியாக இருக்கிறேன். சூடில்லை, வலியில்லை. ஆனாலும் உள்ளே அது இருக்கிறது.

கான்வென்ட்டில் படித்த கணக்கு, விடை சரிதான். அந்தச் சரியான விடைதான் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தது. நீங்களாக இருந்தால் எந்த எண்ணைச் சொல்லியிருப்பீர்கள்?