எங்குட்டு உள்ளேன்?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் எங்கள் காரைக்குடிக் கல்லூரிக்கு வந்து, எங்கள் மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு பாடம் படிக்கலாம். அந்த மதிப்பெண் பிறகு பட்டப்படிப்பில் சேரும். அப்படி வந்தவள்தான் என் வருகைப் பதிவேட்டின் நாற்பத்தொன்றாம் எண்.

பள்ளிச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. கல்லலிலிருந்து பஸ்ஸில் வருவாள். பதினொரு மணிக்கு அவள் பள்ளியில் சிறப்பு வகுப்பு இருந்ததால், தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

முதல் நாள் நான் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து கைகட்டி, "உள்ளேன் ஐயா" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான். அடுத்த வாரம் உட்கார்ந்தபடியே "யெஸ் சார்" என்றாள்.

பிறகொரு நாள் பாடத்தின் பாதியிலேயே கிளம்பியவளை வாசலில் நிறுத்தி, "உன் நினைப்பெல்லாம் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் தெரியல சார். பள்ளிக்கூடத்துல வாய் தவறி யெஸ் சார்னுட்டேன். காலேஜ் திமிரான்னு வெளிய நிக்க வச்சுட்டாக. இங்குட்டு உள்ளேன்னா நீங்க சிரிக்கிறீக. அங்குட்டு யெஸ்னா அவுக வையிறாக. நான் எங்குட்டுத்தான் சார் உள்ளேன்?"

பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பாதியில் போனால் வருகை கிடையாது என்பது விதி. பேனாவை எடுத்தேன். பதிவேட்டில் அவள் வருகையை அடிக்க மனம் வரவில்லை. இப்போதும் எந்த வகுப்பிலும் நாற்பத்தொன்று என்று கூப்பிட்டதும் ஒரு நொடி கதவைப் பார்க்கிறேன்.